அத்தியாயம் 6: இறங்குவதற்குள் எழுதிவிடுங்கள்

தில்லை நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், புதுக் கட்டடங்கள் விட்டுவைத்த இடுக்கு வழியாக மலைக்கோட்டை தெரியும். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூறு படிக்கு மேல் ஏறிப் போகிறவர்களில் பலருக்கு, அந்த உச்சிக்குப் பின்புறம் பாறை கவிந்த இடத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருப்பது தெரியாது. அங்கே வெட்டியிருக்கும் பெயர்களில் ஒன்று ‘சிரா’. சிராப்பள்ளி என்ற ஊர்ப்பெயரே அந்தத் துறவியால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. 83 மீட்டர் உயரப் பாறை ஒன்றுதான். அதில் பல்லவ மகேந்திரவர்மன் குடைந்த கோயில் பாதி வழியில், பாண்டியர் காலக் குடைவரை அடிவாரத்தில், இயற்கையான குகைத்தளம் உச்சியருகில். குகை பார்ப்பதற்குத் திருச்சிக்காரர் மேகாலயா வரை போக வேண்டியதில்லை.

விளக்கு, கயிறு, செருப்பு, அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் பையில் கடைசியாகப் போடும் பொருளைப் பற்றியது. நாற்பது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று, பென்சில் இரண்டு.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். புதுக்கோட்டைச் சாலையில் ஒரு குன்று. பெயர் வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நானும் நண்பர் ஒருவரும் ஏறி, குகைத்தளத்தைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டு வீடு வந்தோம். அப்போது எதுவும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து, ஆளுக்கொரு தாளில் நினைவிலிருந்து எழுதினோம். கற்படுக்கையின் தலைமாடு, அதாவது தலையணைபோலக் கொஞ்சம் மேடாக விட்டிருக்கும் பக்கம், கிழக்கே என்று நான் எழுதியிருந்தேன். அவர் மேற்கே என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரம் சண்டை. மறுவாரம் திசைமானியோடு ஏறிப் பார்த்தால், தெற்கே. இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. மூன்று நாளில் மூளை தானாகவே ஒரு குகையைக் கட்டிவிட்டது.

அன்று முதல் எங்கள் குழுவில் ஒரே சட்டம்: மலையிலிருந்து இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். முழுக் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. எண், திசை, நேரம், ஆள் எண்ணிக்கை ஆகிய நான்கும் மேலேயே ஏட்டில் ஏறிவிட வேண்டும். மற்றவை அன்று இரவு, தூங்குவதற்கு முன்.

யாருக்காக எழுதுகிறோம்

குகையேட்டுக்கு முதல் வாசகர், உங்களைத் தேடி வருகிறவர். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் ஒரு கால்பந்துக் குழுச் சிறுவர்கள் 12 பேரும் பயிற்சியாளரும் போனார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தவை குகை வாயிலில் நின்ற சைக்கிள்கள். உயிரோடு இருப்பது தெரிய ஜூலை 2 ஆகிவிட்டது. நம் பக்கத்திலேயே கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் நடந்ததை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்த பிறகு எல்லாரும் பேசுகிறார்கள். கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் பிளவுக்குள் விழ, நண்பர் ஒருவரே கயிறு கட்டி இறங்கித் தூக்கினார். கூட வந்தவர்கள் எத்தனை பேர், யார் எங்கே விழுந்தார் என்பது உடனே தெரிந்ததால் அவர் பிழைத்தார்.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஒரு பக்கம் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எந்த மலை, எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்கு அடிவாரம் திரும்புவோம், எத்தனை மணிவரை போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் இந்தத் தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ‘நேரமாகும், காத்திருக்க வேண்டாம்’ என்பதைவிட ‘ஒரு மணிக்கு மேல் போனால் கூப்பிடு’ என்பதுதான் வீட்டாருக்கு நிம்மதி. இதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது வாசகர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். ஆந்திரத்துப் பேலம் குகைகளை 1884-லேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறிப்பிட்டுவிட்டார். பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட். அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டு அந்தக் குகை ஏட்டிலேயே கிடந்தது. 1982-ல் தொடங்கி கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மன் குழு உள்ளே புகுந்து அளந்தது. இன்று 3,229 மீட்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். மேகாலயாவிலும் 1992 முதல் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டுக் குகையாளர்களும் சேர்ந்து இதே வேலையைச் செய்து வருகிறார்கள். போன ஆண்டு எங்கே நிறுத்தினோம் என்று ஏட்டில் இருந்தால்தான் இந்த ஆண்டு அங்கிருந்து தொடங்க முடியும்.

மூன்றாவது வாசகர் நீங்களே. அவரை நம்பாதீர்கள். அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

நோட்டும் பென்சிலும்

தோல் அட்டை போட்ட நாட்குறிப்பு, ரப்பர் பட்டை மாட்டிய வெளிநாட்டு நோட்டு இவற்றையெல்லாம் பரிசாகக் கொடுப்பார்கள். வாங்கி அலமாரியில் வையுங்கள். மலைக்கு ஏற்றது கெட்டி அட்டை போட்ட, தைத்த நோட்டு, சட்டைப் பையில் நுழைகிற அளவில். சுருள்கம்பி நோட்டில் பக்கம் கிழிந்து விழும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கட்டமிட்ட தாளாக இருந்தால் குகையின் வரைபடம் போட வசதி. பக்க எண்களை முதல் நாளே, கடைசிப் பக்கம் வரைக்கும், நீங்களே போட்டுவிடுங்கள். பின்னால் யாரும் ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது, நீங்கள் உட்பட.

பென்சில்தான். ஜெல் பேனா வியர்வையில் கரைந்துவிடும். பால்பாயிண்ட் பேனா தலைக்கு மேலே பிடித்து எழுதினால் மக்கர் பண்ணும், குகைத்தளத்தில் பாதி நேரம் மல்லாந்துதான் எழுத வேண்டியிருக்கும். பென்சில் மழையில் நனைந்தாலும் நிற்கும். அழிப்பானை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எதை முதலில் நினைத்தோம் என்பதும் ஒரு தகவல்.

டேப் இல்லாத நாளில் என்ன செய்வது? உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர், உங்கள் அடி எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் சாண் 21 செ.மீ. ‘படுக்கை நீளம் 9 சாண்’ என்று எழுதலாம், கவலையில்லை. ‘சுமார் ஆறடி’ என்று எழுதினால்தான் கவலை. அந்த ‘சுமார்’ எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போனில் இருக்கும் திசைமானியை இரும்புக் கிராதிக்கும் கேட்டுக்கும் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட குகைகளில் இரும்பு இல்லாத இடம் குறைவு. நாலடி தள்ளி நின்று இரண்டு முறை பாருங்கள்.

ஒரு பக்கம்

என் ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.

‘15.12.2019, ஞாயிறு. 4 பேர் (ரா., செ., மு., நான்). தில்லை நகர் 6.10. அடிவாரம் 7.35. நேற்று மழை, பாறை வழுக்குகிறது.

8.20 குகைத்தளம். உள்ளே 3 பேர். செ. வெளியே.

வாய் அகலம் 7.40 மீ, டேப். உயரம் வாயில் 1.90. உள்ளே போகப் போகக் குறைகிறது, கடைசியில் தவழத்தான் வேண்டும். ஆழம் அளக்கவில்லை, வௌவால் அதிகம்.

படுக்கை 4. முதல் படுக்கை நீளம் 1.85, அகலம் 0.62, தலைமாடு தெற்கே. மற்ற மூன்றும் அளக்க நேரமில்லை.

மேலே நீர்வடி விளிம்பு உண்டு. இடக்கோடியில் ஒரு மீட்டர்போல உடைந்திருக்கிறது.

எழுத்து? விளிம்புக்குக் கீழே கீறல்கள். மு. எழுத்து என்கிறார். எனக்கு வெடிப்பாகத் தெரிகிறது. 8.50-க்கு வெயில் சாய்வாக விழுந்தபோதும் பார்த்தோம். முடிவில்லை.

தேன்கூடு 2, வலப்பக்கம் மேலே, பெரியவை. பேசாமல் நகர்ந்தோம்.

ஆடு மேய்க்கும் பெரியவர்: “என்ன சார், பொதயலா? அது பஞ்சபாண்டவர் படுத்த எடம். எங்க பாட்டன் காலத்துல உள்ள வெளக்கு வெப்பாங்க.”

9.25 வெளியே, 3 பேரும். அடிவாரம் 10.05. வீட்டுக்குப் போன் 10.07.’

அழகான நடை இல்லை. இருக்கக் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘அளக்கவில்லை’. அந்தச் சொல் இல்லாவிட்டால், ஆழத்தை அளந்து எழுத மறந்தோமா, அளக்கவே இல்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. போகாத பக்கம், பார்க்காத மூலை, நேரம் போதாத வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதுதான் வேலைப் பட்டியல்.

உள்ளே போனவர் 3, வெளியே வந்தவர் 3 என்பதைக் கேலி செய்யாதவர் எங்கள் குழுவில் கிடையாது. மூன்று பேரை எண்ணத் தெரியாதா என்பார்கள். பதினைந்து கல்லூரி மாணவர்களை ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், கேலி நின்றுவிடும்.

தேன்கூட்டைக் குறிப்பது அலங்காரம் இல்லை. நம் ஊர்க் குன்றுகளில் மலைத்தேனீயும் ஆளைக் கொல்லும். கூடு இருக்கும் இடமும் மாதமும் பத்து ஏட்டில் சேர்ந்தால், எந்தக் குகைக்கு எந்த மாதம் போகக் கூடாது என்று தானாகத் தெரிந்துவிடும்.

கண்டது, கேட்டது, நினைத்தது

பெரியவர் சொன்னதை நான் அவர் வாய்மொழியிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘உள்ளூர் மக்கள் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என நம்புகின்றனர்’ என்று மாற்றி எழுதியிருந்தால் அந்த விளக்கு போயிருக்கும். பாட்டன் காலத்தில் விளக்கு வைத்தார்கள் என்பது, அந்தக் குகை இரண்டு தலைமுறைக்கு முன்வரை வழிபாட்டில் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி. உண்மையா என்பது வேறு. யார் சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது ஏட்டில் இருந்தால் போதும்.

இதில் நமக்கு நல்ல முன்னோடி ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை என்று தொடங்கி, தான் கண்டதும் பிறர் வந்து சொன்னதும் அவரவர் பெயரில் நிற்கும்படி எழுதிய மனிதர். துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, அவருக்கு இருந்த வேலைக்கு, இரவில் உட்கார்ந்து எழுத நேரம் எங்கே கிடைத்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆபீஸ் களைப்பைச் சாக்குச் சொல்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

நினைத்தது என்பது தனி. ‘மு. எழுத்து என்கிறார், எனக்கு வெடிப்பாகத் தெரிகிறது’ என்ற இரண்டு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சுவெல் 1882-லேயே கண்டார். அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924-ல். நம் திருச்சியில் பள்ளிப் படிப்பு படித்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960-களில் இந்தக் குகைகளுக்கு ஏறினார். பிறகு, ஓய்வு பெறும் வயதெல்லாம் தாண்டி, 1990-களில் மறுபடியும் ஏறினார். முன்னே கல்மேல் தாள் ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படிகளை வைத்துக்கொண்டு மேசையிலேயே முடித்திருக்கலாமே? கரடுமுரடான பாறையில் மைப்படி ஏமாற்றும். வெடிப்பு எழுத்தாகும், எழுத்து வெடிப்பாகும். கல்லின் முன்னால் நின்று பார்த்து எழுதிய படியைத்தான் அவர் நம்பினார். 2003-ல் வந்த அவருடைய பெரிய நூலுக்கு அடியில் இருப்பது அந்த மலையேற்றம். கரூர்ப் பக்கத்துப் புகலூரில், ஆறுநாட்டான் மலைக் குகையில், சேர அரசர்கள் மூன்று தலைமுறையினர் பெயர் வரிசையாக வருகிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ. அங்கே ஒரு கீறலை எழுத்தென்று எடுத்துக்கொண்டால் ஓர் அரசரே மாறிவிடுவார்.

எழுத்து இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விடுவது. காலை எட்டு, ஒன்பது மணி வெயில், அல்லது சுவரோடு ஒட்டிப் பிடித்த டார்ச். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். எந்த மணிக்கு, எந்தப் பக்க வெளிச்சத்தில் பார்த்தோம் என்பதையும் எழுதுங்கள். சாக்பீஸால் எழுத்தின் மேல் தடவித் தெளிவாக்கிப் படம் எடுக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது எழுத்தைப் படிப்பது ஆகாது, நீங்கள் நினைத்ததைக் கல்லில் எழுதுவது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2010-ல் திருத்தியபின், இரண்டு ஆண்டு சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் வரை போகலாம்.

தட்டச்சு

இனி வீட்டு வேலை. இதுதான் தேங்கும். எங்கள் குழுவில் கையெழுத்துப் பக்கம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, தட்டச்சாகாமல் கிடந்தவை மூன்று ஆண்டு அளவுக்குச் சேர்ந்துவிட்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குகைக் குழுவினர் 1976-ல் தொடங்கி ஆஸ்திரிய மலைகளுக்குப் போய் வருகிறார்கள். உள்ளே போய் வந்தவர் ஏட்டில் எழுத வேண்டும், பிறகு யாராவது அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவர்களுடைய பல ஆண்டு ஏடுகளை இன்று தேடிப் படிக்க முடிகிறது என்றால் அந்த ‘யாராவது’ செய்த வேலைதான்.

தட்டச்சில் ஒரே விதி: திருத்தாதீர்கள். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்று பழமொழியே இருக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். படி எடுத்தவர் தனக்குப் பொருள்படுகிற மாதிரி மாற்றினால், அடுத்த படியில் அதுவே மூலமாகிவிடும். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த உ.வே.சாமிநாதையர், சுவடிக்குச் சுவடி இருந்த வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டியது எதற்காக? எது சரி என்று தான் நினைத்தாலும், மற்றது அழிந்துவிடக் கூடாது என்பதற்காக. கசங்கிய நோட்டைப் பார்த்துக் கணினியில் அடிக்கிறவருக்கும் அதே கடமைதான்.

ஏட்டில் ‘படுக்கை 4’ என்று இருந்து, படத்தில் ஐந்து தெரிந்தால், 4 என்றே அடியுங்கள். பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘படத்தில் 5 தெரிகிறது’ என்று எழுதி, உங்கள் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் போடுங்கள். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி. அடித்து எழுதியதை அடித்தபடியே காட்டுங்கள். சீரங்கத்துக் கோயிலொழுகைப் படித்தவர்களுக்கு இந்த முதலெழுத்தின் அருமை தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் சேர்த்து எழுதிய அருமையான வரலாறு அது. ஆனால் எந்த வரி எந்தக் காலத்துக் கையில் வந்தது என்று பிரிப்பதற்குள் அறிஞர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

தனியாக அடிக்காதீர்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பதுதான் வேகம். முடிந்ததும் இடம் மாறி, அடித்ததை ஒருவர் வாசிக்க, மற்றவர் நோட்டில் விரல் வைத்து ஒப்புநோக்க வேண்டும். தமிழுக்கு மட்டும் ஒரு சிக்கல்: காதில் கேட்டால் ல, ள, ழ மூன்றும் பல வாய்களில் ஒன்றாகிவிடும். ‘தளம்’ தலமாகும், குகைத்தளம் புண்ணியத் தலமாகிவிடும். ஆகவே பெயர்ச்சொல் வரும்போது பள்ளிக்கூட வாத்தியார்போல ‘மூணு சுழி ண’, ‘ரெண்டு சுழி ன’, ‘வல்லின ற’ என்று சொல்லித்தான் வாசிக்க வேண்டும். சித்தன்னவாசல் என்று எழுதுகிறவரும் சித்தண்ணவாசல் என்று எழுதுகிறவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடித்து, தலைப்பு வரியில் மட்டும் குழு முடிவு செய்த ஒரே வடிவத்தைப் போடுங்கள். போனில் பேசி எழுத வைப்பதையும் முயன்று பார்த்தோம். உரைநடைக்குப் பரவாயில்லை. மலைப்பெயரும் அளவும் வந்தால் அது தன் இஷ்டத்துக்கு எழுதுகிறது.

யூனிகோடில் மட்டும் அடியுங்கள். இருபது ஆண்டுக்கு முன் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்த எங்கள் முதல் ஏட்டை இப்போது திறந்தால், ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த கூளமாக வருகிறது. அந்தக் கடையில் பயன்படுத்திய எழுத்துரு எங்களிடம் இல்லை, கடையும் இல்லை. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பாதியை மீட்டோம், மீதியை நோட்டைப் பார்த்து மறுபடி அடித்தோம். நோட்டைத் தூக்கிப் போடாதது நல்லதாகப் போயிற்று. விசைப்பலகை உங்கள் விருப்பம். 1999-ல் சென்னை மாநாட்டில் வந்த தமிழ் 99 பழகினால் விரல் வலி குறையும், உச்சரிப்பு முறையில் அடிக்கிறவர்களையும் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் வௌவாலைப் பாருங்கள். ஏட்டில் நாங்கள் அடிக்கடி எழுதும் சொல் அதுதான். ஒரு நாள் எந்தெந்தக் குகையில் வௌவால் இருந்தது என்று கணினியில் தேடினேன். பதினோரு பயணம் வந்தது. குறைந்தது இருபது இருக்க வேண்டுமே என்று உட்கார்ந்து பார்த்தால், மற்ற பக்கங்களில் ‘வெளவால்’ என்று இருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரிதான். முதலாவதில் வகரத்தோடு ஔகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் எகரக் கொம்பும் வகரமும் தனியாக ஒரு ளகரமும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பிராணி. மாதக் கடைசியில் ஒரு முறை, தவறான வடிவத்தைத் தேடி மாற்றிவிடுங்கள். இது திருத்தம் ஆகாது, விசை பிசகியதைச் சரிசெய்வதுதான்.

தேதியை 10/5 என்று போடாதீர்கள். மே பத்தா அக்டோபர் ஐந்தா என்று பேரன் கேட்பான். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-12-15 என்று தொடங்கினால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். கையால் போட்ட வரைபடத்தை அழகாகத் திரும்ப வரையாதீர்கள். அப்படியே படம் எடுத்துச் சேருங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறி அதில் இல்லையென்றால், அடுத்த முறை போகும்போது முதல் வேலை அது.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தின் 17 கற்படுக்கைகளும் உலகத்துக்கே தெரியும், பாதுகாப்பும் உண்டு. அந்தப் பக்கத்தை யாருக்கும் கொடுக்கலாம். பெயர் இல்லாத குன்றுகள் அப்படி இல்லை. வழியை விவரமாக எழுதி எல்லாருக்கும் அனுப்பினோம் என்றால், ஆறு மாதத்தில் படுக்கை மேல் பெயிண்டில் இதயமும் அம்பும் இருக்கும். புதையல் தேடுகிறவர்கள் அதைவிட மோசம். ஆகவே எங்களிடம் இரண்டு படி உண்டு. வழி எழுதிய முழுப் படி குழுவுக்குள், வழி நீக்கிய படி மற்றவர்களுக்கு. புதிதாக எழுத்து போலத் தெரிந்தால், ஆர்வத்தில் நண்பர்களுக்குப் படம் அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். நம் ஊரிலேயே டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தார் குடைவரைகளை ஒவ்வொன்றாக அளந்து, மாவட்டம் மாவட்டமாக நூலாக்கியிருக்கிறார்கள். அளவு எடுப்பது எப்படி, கண்டதை எப்படி வரிசையாகச் சொல்வது என்பதற்கு அந்த நூல்களில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயத்தைவிட உதவும்.

கடைசியாக, நோட்டின் உள் அட்டையில் உங்கள் பெயரையும் போன் எண்ணையும் இன்றே எழுதுங்கள். என்னுடைய மூன்றாவது ஏடு புதுக்கோட்டைப் பேருந்தில் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது, நான் கவனிக்கவே இல்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு நடத்துநர் கூப்பிட்டார். “சார், உள்ள போனவர் மூணு, வெளிய வந்தவர் மூணுன்னு எழுதிருக்கு. எல்லாரும் பத்திரமா வந்துட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.